மூன்றாம் மணிக்குப் பிறகு

மார்ச் 5, சாம்பல் புதன்

அப்பாவுக்குக் கால் முறிந்துவிட்டது. திங்கட்கிழமை மணிக்கூண்டில் ஏணி போட்டு மணிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஏணி சறுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஈஸ்டர் முடியும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாதாம்.

நெடுந்தேரி கோவிலுக்கு அப்பாதான் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, கூட்டுவது, திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்சுவது எல்லாம் அவர் வேலை. நாங்கள் குடியிருப்பதும் கோவில் காம்பவுண்டுக்குள்தான்.

சபை செக்ரட்டரி ஆசீர்வாதம் சார் இன்று வந்தார். "அதுவரைக்கும் வேற ஆளு பாக்கணும்லா, துரைப்பழம்?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, "நான் அடிக்கேன்" என்றேன்.

சார் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரு பேசுனது? எப்சிபாவா? எட்டி, ஒனக்குச் சத்தம்கூட வருமா!" என்று சிரித்தார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அவர் என்னைப் பார்க்கிறார். அன்று அழுதது ஒருவேளை கேட்டிருக்கும். அதற்குப் பிறகு கேட்டிருக்க மாட்டார்.

இது ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நோட்டு. பாதியோடு நிற்கிறது. மீதிப் பக்கங்கள் சும்மா கிடப்பானேன் என்று இதில் எழுதுகிறேன்.

மார்ச் 6

இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். சாயங்காலம் கூட்டத்துக்கு மணி அடித்தேன். நாய் குரைத்ததுபோல் கேட்டது.

மார்ச் 8, சனி

பால் வாங்க டீக்கடைக்குப் போனேன். முப்பிடாதி அக்கா பாலை ஊற்றிக்கொண்டே, "ஒங்க அம்ம வந்திருக்கா. என் வீட்டுலதான் கெடக்கா" என்றாள்.

நான் தூக்குவாளியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா பெயர் ஜெயசீலி. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஆழ்துளைக் கிணறு போட வந்த லாரிக்காரர் ஒருவரோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். சபைப் பதிவேட்டிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டார்கள். மறுவருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்குக் கணக்கு வரவில்லை. வகுப்பில் எழுந்து சத்தமாக வாசிக்கவும் பிடிக்கவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். மீன்காரர்கூட இன்று எங்கள் வாசலில் மெதுவாகத்தான் கூவினார்.

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பேர் எடுக்கப்பட்டவர்கள் திரும்பிச் சேர வேண்டுமென்றால், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் ஞாயிறெல்லாம் பெரிய வாசல் படியில் வெளியே நிற்க வேண்டும். பெரிய வியாழன் திருவிருந்து ஆராதனையில் சபைப் போதகரான ஐயர் கேட்பார், வெளியே நிற்கிறவர்களை அழைக்க ஆள் உண்டா என்று. யாருக்கு அவர்கள் அநியாயம் செய்தார்களோ அவர் பலிபீடத்துப் படியிலிருந்து புறப்பட்டு, கோவில் முழுதும் நடந்து வாசலுக்குப் போய், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி, "இவர்களை நான் உள்ளே அழைக்கிறேன்" என்று சொல்லிக் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டும். ஒருவரும் போகாவிட்டால் வெளியே நிற்கிறவர் வெளியேதான். நான் பிறந்த பிறகு ஒருவரும் அப்படி நின்றதில்லை.

ஆராதனைக்கு முன்னால் மூன்று தடவை மணி அடிப்போம். இன்று இரண்டாம் மணிக்கு அவள் வந்து படியில் நின்றாள். மணிக்கயிறு வாசலை ஒட்டித்தான் தொங்குகிறது. மூன்றாம் மணி அடிக்கும்போது என் முழங்கை அவள் மேல் படும் தூரம். மெலிந்திருந்தாள். செருப்பில்லை. நான் பார்க்கவில்லை.

மூன்றாம் மணி அடித்ததும் பெரிய கதவை மூட வேண்டும். இல்லையென்றால் தேரிக்காற்றில் செம்மண் உள்ளே வந்துவிடும். இது கோவில்பிள்ளையின் வேலை. மூடினேன். தாழ்ப்பாளும் போட்டேன். தாழ்ப்பாள் எப்போதும் போடுவதில்லை.

மார்ச் 12

ரசம் வைத்தேன். அப்பா புளிப்பு அதிகம் என்றார். அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்பாவுக்கு வீட்டில் பேச்சு குறைவு. தம்பி பிறந்து இறந்த பிறகு அப்படி ஆனதாம். அப்போது எனக்கு நாலு வயது. அம்மா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பாள். அப்பா என்னிடம், "ஒங்கம்மைட்ட தண்ணி கேளு" என்பார். நான் போய், "அப்பாவுக்குத் தண்ணியாம்" என்பேன். "வெந்நியா பச்சத் தண்ணியான்னு கேளு" என்பாள் அம்மா. நான் திரும்பி வருவேன். எங்கள் வீட்டுத் தபால்காரி நான்தான். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

கயிற்றின் நுனியில் யாரோ பழைய சேலைத் துணியைச் சுற்றித் தைத்திருக்கிறார்கள். கை வலிக்கவில்லை. ஐயரம்மாவாக இருக்கும் என்று போய் நன்றி சொன்னேன். "நான் இல்லம்மா" என்றார்கள்.

நீலத்தில் வெள்ளைப் புள்ளி. எனக்குத் தெரிந்த சேலை இல்லை.

தெரிந்த சேலை இல்லை என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

அவள் படியில் நின்றாள். கதவை மூடினேன்.

மார்ச் 23, ஞாயிறு

சாம்ராஜ் ஐயர் இன்று இரண்டு மகன்கள் உள்ள தகப்பன் கதையைப் பிரசங்கித்தார். ஊர் சுற்றிவிட்டு வந்த இளையவனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட இடத்தில் பெஞ்சில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். மூத்தவன் அன்றும் வயலில் வேலை செய்துவிட்டு வந்து வாசலில் நின்றான். அவனுக்கு ஒருவரும் அழவில்லை. அவன் கையிலும் கொப்புளம் இருந்திருக்கும்.

சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். மனப்பாட வசனத்தில் நான்தான் எப்போதும் முதல் பரிசு. ஒப்பிக்கும்போது வாய் திறக்க மாட்டேன் என்பதால் எழுதிக் காட்டச் சொல்வார்கள். கிருபை என்று வரும் வசனங்கள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். தகுதியில்லாதவர்களுக்குச் சும்மா கிடைப்பது என்று அர்த்தமும் எழுதியிருக்கிறேன். சரி. தகுதியோடு வீட்டில் இருந்தவளுக்கு இதில் என்ன நல்ல செய்தி?

இதை யாரிடமும் கேட்க முடியாது. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் படியிறங்கும்போது ஒருத்தி, "இப்பதான் கோயிலு கண்ணுக்குத் தெரிஞ்சுதோ?" என்றாள். இன்னொருத்தி, "லாரிய எங்கன நிப்பாட்டியிருக்கா, கேளு" என்றாள். சிரித்தார்கள். அம்மா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பாட்டு நம்பர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் சிரிக்கவில்லை. ஆனால் என் வாய் சிரிக்கப் போனது. அதை நிறுத்தினேன்.

ஏப்ரல் 2

ஐயரும் ஆசீர்வாதம் சாரும் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய வியாழனன்று யார் அழைப்பது என்று கேட்க வந்தார்கள். அப்பா காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரைப்பழத்தால நடக்க முடியாது. பிள்ள போகலாம், அதுக்கு விதியுண்டு" என்றார் சார். பிறகு என்னைப் பார்த்து, "எட்டி, கோயிலு நெறைய ஆளிருக்கும். அந்த வார்த்தைய நீ எங்க சொல்லப் போற? சீட்டுல எழுதிக் காட்டுவியா?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

நான் தலையை ஆட்டினேன். மாட்டேன் என்று.

"கூச்சமா, கோவமாம்மா?" என்று ஐயர் கேட்டார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். இரண்டும்.

"கட்டாயம் பண்ணிக் கூட்டிட்டு வாரதா இருந்தா நமக்கு இந்த வழக்கமே வேண்டாம், சார். பிள்ளைய விடுங்க" என்று ஐயர் எழுந்துவிட்டார்.

நான் போக மாட்டேன். மூன்றாம் மணி அடிப்பேன், கதவை மூடுவேன். என்னிடம் கொடுத்த வேலை அது. ஒரு குறையும் இல்லாமல் செய்வேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மணி இப்போது நன்றாக அடிக்கிறது. இத்தனை நாளும் கயிற்றைப் பிடித்த பிடி விடாமல் இருந்தேன். இழுத்துவிட்டுக் கையைத் தளர்த்தினால்தான் முழுச் சத்தமும் வருகிறது.

அவள் நின்றாள். மூடினேன். தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் பனங்குருத்து பிடித்து ஊர்வலம் வந்தார்கள். படியருகே வந்ததும் கடைசியில் வந்த சின்னக் குட்டி ஒன்று தன் குருத்தை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடியது. அவள் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாததுபோல் பிடித்தாள். கதவை மூடும்போது குருத்தின் நுனி இடுக்கில் மாட்டியது. திறந்து விடுவித்துவிட்டு மூடினேன்.

சாயங்காலம் திராட்சரசம் காய்ச்சினேன். வியாழக்கிழமைதான் வேண்டும். அப்பா வழக்கமாக அன்று காலையில்தான் காய்ச்சுவார். நான் முந்திக்கொண்டேன். ஒருவரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. வடிகட்டிப் புது பிளாஸ்டிக் குடத்தில் சுடச்சுட ஊற்றி, இறுக்கி மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன், மத்தியானம்

காலையில் குடத்தைத் திறந்தேன். புஸ் என்று பொங்கி என் பாவாடையெல்லாம் நனைந்தது. மேலே நுரை. கள்ளு வாசம். ஆசீர்வாதம் சார்தான் மதுவிலக்குச் சங்கத் தலைவர். அவர் மூக்குக்கு முன்னால் இதை வைப்பதை நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

வீட்டில் ஒரு திராட்சை இல்லை. எங்கள் ஊர்க் கடையில் விற்பதில்லை. டவுனுக்குப் போக வேண்டும். டீக்கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் போய்விட்டிருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

முப்பிடாதி அக்கா வந்து, "எட்டி, யாரு செத்தா?" என்றாள். சொன்னேன். அவள் உள்ளே பார்த்து, "ஏ சீலி! ஒன் மவ ஒங்க சாமிக்குக் கள்ளு எறக்கியிருக்கா, வந்து பாரு" என்றாள்.

அம்மா வெளியே வந்தாள். என் பாவாடையைப் பார்த்தாள். குனிந்து மோந்து பார்த்தாள். சிரித்துவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் சிரிப்பாள், வாயை மூடிக்கொண்டு. "சூடா ஊத்தி மூடிட்டியாக்கும்" என்றாள். என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"கேசரிக்கு வாங்குன உலர்திராட்ச ஒரு டின்னு கெடக்கு" என்றாள் முப்பிடாதி அக்கா. "எங்க கடைத் திராட்ச ஒங்க கோயிலுக்கு ஆவுமா? நான் சொடலமாடனுக்குப் பொங்கலு வைக்கவளாக்கும்."

"ஆவும்க்கா" என்றாள் அம்மா.

கழுவினாள், ஊற வைத்தாள், அடுப்பைத் தணித்துக் காய்ச்சினாள், வெள்ளைத் துணியில் வடித்தாள். இந்த வேலையை அவள் எத்தனையோ வருஷம் அப்பாவுக்காகச் செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் நினைவு வந்தது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். இன்றைக்கு என்னைக் கூப்பிட வருவியா என்று கேட்பாள். இல்லை என்று சொல்லப் பதில் ரெடியாக வைத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. ஆறிய ரசத்தைச் செம்பில் ஊற்றித் தந்தாள். "துணி போட்டு வையி, இறுக்கி மூடாத" என்றாள். பிறகு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ப்பாக இருந்தது. விட்டுவிட்டாள்.

ஐயரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். எந்தக் கடைத் திராட்சை, யார் காய்ச்சியது என்று எல்லாம். எத்தனை வாக்கியம் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம். அவர் செம்பை வாங்கிப் பார்த்தார். "நல்ல தெளிவா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன்.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. துணி போட்டு வைக்கச் சொன்னா."

அப்பா மாவுக்கட்டைத் தடவினார். "அவ போன பொறவு எல்லாரும் என்னய, துரைப்பழம் பாவம்னாவ. நானும் பாவம்னே இருந்துட்டேன். அதுக்கு முன்ன ஒம்பது வருசம் அவகூட ஒரு வார்த்த பேசாம இருந்தேனே, அத யாரும் கேக்கலயேட்டி" என்றார். அப்புறம் சொன்னார்: "ரெண்டாம் மணிக்கு முன்ன பக்கத்து வீட்டுப் பயலுவள வரச் சொல்லு. நாற்காலியோட தூக்கணும்."

அவள் செய்தது சின்னக் காரியம் இல்லை. ஒரு செம்பு திராட்சரசத்தில் அது கரைந்துபோகாது. அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நான் தாழ்ப்பாள் போட்டவள். எனக்கு அவள் காய்ச்சித் தந்தாள். நான் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. சும்மா கிடைப்பது என்று நோட்டில் அர்த்தம் எழுதிப் பரிசு வாங்கினேன். இன்றுதான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன், தளும்பாமல்.

போவேன். குரல் வராவிட்டால் வரும்வரை அங்கேயே நிற்பேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நேற்று நடந்ததை எழுதுகிறேன். ஆராதனைக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் வேலை இருக்கிறது, ஆனாலும் முதலில் இதை எழுத வேண்டும்.

நாற்காலியைத் தூக்கிய பையன்கள் அப்பாவை முதல் பெஞ்சுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். "இங்கனயே வையுங்கடே" என்றார் அப்பா. பெரிய வாசல் படியில். அம்மா நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஆசீர்வாதம் சார், "வேய் துரைப்பழம், நீரு உள்ள வாரும். ஒமக்கு என்ன வந்துச்சு?" என்றார். "எனக்கும் இதான் எடம், சார்" என்றார் அப்பா. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தூணைப் பார்த்தாள்.

மூன்றாம் மணி அடித்தேன். கதவை மூடவில்லை. செம்மண் உள்ளே வந்தது. வரட்டும், நான்தானே கூட்டப் போகிறேன்.

திருவிருந்துக்கு முன்னால் ஐயர் கேட்டார், வெளியே நிற்கிறவர்களை அழைக்க ஆள் உண்டா என்று. நான் வாசலோரத்திலிருந்து புறப்பட்டேன். முதலில் பலிபீடம் வரைக்கும் போக வேண்டும். பெஞ்சுகளில் கிசுகிசு என்று சத்தம். நான் தரையை மட்டும் பார்த்தேன். காலையில் நான் துடைத்த தரை. படியில் முழங்கால் போட்டு எழுந்து திரும்பினேன்.

திரும்பியதும் வாசல் தெரிந்தது. திறந்த கதவு, வெளியே சாயங்கால வெளிச்சம், அதில் ஒரு நாற்காலியும் பக்கத்தில் ஒருத்தியும். கோவில் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. நடந்தேன். இந்தத் தூரத்தை எனக்காக ஆண்டவர் முன்பே நடந்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் எந்தப் படியில் நின்றேன் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தாழ்ப்பாள் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கும்.

வாசலில் நின்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன்.

"இவர்களை நான் உள்ளே அழைக்கிறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஓரத்தில் உடைந்தது. கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிறகு ஆசீர்வாதம் சார் எழுந்தார். கடைசி பெஞ்சில்தான் அவர் உட்காருவார். "கேட்டுச்சு, பிள்ள" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

பையன்கள் நாற்காலியைத் தூக்க ஓடி வந்தார்கள். அப்பா வேண்டாம் என்றார். ஒரு கையை என் தோளில் போட்டார். மறுகையை நீட்டியபடி காத்திருந்தார். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து தோள் கொடுத்தாள். வழக்கப்படி நான் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டும். அப்பா முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார். நடுவில் ஒரு தடவை மூன்று பேரும் விழப்பார்த்தோம். யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அது.

அப்பாவை முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பலிபீடத்துப் படியில் நானும் அம்மாவும் முழங்கால் போட்டோம். ஐயர் அப்பத்தைத் தந்தார். பாத்திரம் அம்மாவிடம் வந்தபோது அவள் தயங்கினாள். அவள் காய்ச்சிய ரசம்தான். குடித்தாள். பிறகு எனக்கு வந்தது. இனிப்பாக இருந்தது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்கு மணி அடித்தேன். மூன்றாம் மணியில் கையைத் தளர்த்தி, போதும் என்று தோன்றும்வரை அடித்தேன். டீக்கடைக்குக் கேட்டதாம். முப்பிடாதி அக்கா, "காதச் செவிடாக்கிட்டியேட்டி" என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் கேசரி கொடுத்தாள். திராட்சை போடவில்லை. மன்னிச்சுக்கோ, டின்னு காலி என்றாள்.

அம்மா எங்களோடு இருப்பாளா என்று இன்னும் யாரும் பேசவில்லை. அவள் துணிப்பை இன்னும் டீக்கடை வீட்டில்தான் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட வந்தாள். அப்பாவிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நான் இருவருக்கும் நடுவில். கறிக்குழம்பில் உப்பு குறைவு. ஒருவரும் சொல்லவில்லை.

பாதிச் சாப்பாட்டில் அப்பாவுக்கு விக்கல் எடுத்தது. என்னைப் பார்த்தார். நான் பழக்கத்தில் இலையை விட்டு எழுந்தேன், அம்மாவிடம் சொல்ல.

அப்பா என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"சீலி, கொஞ்சம் தண்ணி தா" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.